அக்கரைக்குப் போன புளி

இலங்கையில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் மக்கள் வரிசையில் நின்ற வருஷம். அங்கிருந்து அகதியாக வந்து இங்கே முகாமில் வாழும் ஒரு அம்மா, கப்பலில் அனுப்ப நிவாரணம் சேர்க்க எங்கள் ஜவ்வாது மலை டீக்கடை வாசலுக்கு வந்தார். மெலிந்த உடம்பு. எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் சாக்கில் போடுவார்.

என்னிடம் புளிதான் இருந்தது. கூச்சத்தோடு நீட்டினேன்.

"இன்னாக்கா, கப்பல்ல புளியா ஏத்துவாங்க?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் புளியோடு திரும்பிப் போகப் பார்த்தேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் புளியை வாயில் போட்டுக் கண்ணை இறுக்கி மூடினார். பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணை, அங்க சனம் வெறுஞ்சோத்தையா சாப்பிடுறது? இதில மீன்குழம்பு வைச்சா தெருவே மணக்கும்!"

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நான் கடலைப் பார்த்ததுமில்லை. ஆனாலும் புளி கரைக்கும்போதெல்லாம் அக்கரையில் ஒரு தெரு மணக்கிறது.