மேலே மூன்று, பிறகு என்டர்

கடிதத்தில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று போட்டிருந்தார்கள். மலாயில் இரண்டே சொற்கள். அந்த இரண்டு சொற்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கவனக்குறைவாக இருந்தது நான். கடிதம் போனது லேபல் கவுண்டரில் இருந்த அக்காவுக்கு.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில், பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நானும், என் மேலதிகாரியும், ஏர்கான் ஒழுகும் ஓர் அறையும்தான். மேலதிகாரியை எல்லாரும் பாஸ் என்போம். பத்து பாகாட் என்ற ஊர்க்காரர், தமிழர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். குரலை உயர்த்தாமலே ஓர் ஆளை எப்படி மூழ்கடிக்கலாம் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

எங்கள் பெட்டிகள் தினமும் லாரியில் சிங்கப்பூருக்குப் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபல் வேண்டும். அதை அச்சடிக்கும் கணினியில் மவுஸ் கிடையாது, படங்கள் கிடையாது. வெறும் கறுப்புத் திரை. ஒரு வரி கட்டளையைத் தட்டி என்டரை அமுக்கினால் வேலை நடக்கும். அந்த வரியைக் கேட்டு வாங்கி மெஷினுக்குச் சொல்லும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். எந்த மெஷின் வந்தாலும் அதனோடு ஒரு ஷெல்லும் வரும். எங்களுடையதும் அப்படித்தான் வந்தது. வருடக்கணக்கில் ஒரு தொல்லையும் கொடுக்காமல் கிடந்தது.

லேபல் கவுண்டர் அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், இப்போது மகளோடு தம்போயில் ஒரு பிளாட்டில் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஆங்கிலக் கட்டளைகளைத் தட்டுவது அவருக்கு வராது, கவுண்டரில் யாருக்குமே வராது. அதனால் நான்தான் ஒரு வழி செய்து கொடுத்தேன். தினமும் தேவைப்படுவது மூன்றே வரிகள்: லேபல் கோப்புறைக்குள் போ, இன்றைய பட்டியலைக் கொண்டு வா, அச்சடி. முன்பு தட்டிய வரிகளை ஷெல் நினைவில் வைத்திருக்கும், மேல் அம்பை அமுக்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டும். அதே மூன்று வரிகள் மாறி மாறி வருவதால், மேல் அம்பை மூன்று தடவை அமுக்கினால் எப்போதும் அடுத்துத் தேவையான வரிதான் வந்து நிற்கும். மேலே மூன்று, என்டர். மறுபடி மேலே மூன்று, என்டர். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அக்கா திரையைப் பார்க்கக்கூட மாட்டார். பக்கத்து மேசைக்காரியோடு பேசிக்கொண்டே விரல் பாட்டுக்கு வேலை செய்யும். ஒரு நாளும் பிசகியதில்லை.

அதை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குக் கௌரவமான காரணம் ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே எல்லாருடைய கறுப்புத் திரையும் வண்ண வண்ணமாக இருந்தது. பாதிச் சொல் தட்டினால் மீதியை அதுவே ஊகித்துச் சொன்னது. என் திரையை அவர்கள் முன்னால் திறக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தப் புது ஷெல்லைப் போட்டேன். என் லாகினுக்கு மட்டும் போட்டிருந்தால் சனியன் என்னோடு போயிருக்கும். கவுண்டரின் பொது லாகினிலும் நான் அடிக்கடி நுழைவேன் என்பதால், அங்கேயும் அழகாக இருக்கட்டும் என்று மாற்றிவிட்டேன்.

புது ஷெல்லுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே லாகினில் எங்கிருந்து எத்தனை ஜன்னலைத் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நினைவு. ஓர் இடத்தில் தட்டியது இன்னோர் இடத்திலும் மேல் அம்பில் வந்து நிற்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல் பாஸிடம் இதை ஒரு பெரிய வசதி என்று பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அக்கா முதல் வரியை ஓட்டி லேபல் கோப்புறைக்குள் போயிருக்கிறார். அதே வேளையில் நான் என் அறையில், அதே பொது லாகினில், ஒரு சோதனைக் கோப்புறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ‘இங்கே இருப்பதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி’ என்பது நான் தட்டிய வரி. நான் நின்ற இடத்தில் அது குப்பையைத்தான் அழித்தது. அதற்குப் பின் இன்னும் இரண்டு வரிகள் தட்டினேன். அக்காவின் ஜன்னலில் என் அழிக்கும் வரி சரியாக மூன்றாவது இடத்தில் போய் உட்கார்ந்தது. மேலே மூன்று, என்டர்.

“மா, லேபல் ஒன்னும் வரல லா. பட்டியலே காணோம்,” என்று போனில் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். கோப்புறை துடைத்து வைத்த தட்டாக இருந்தது. என்ன நடந்தது என்று ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்க மதியம் ஆகிவிட்டது. அதற்குள் சிங்கப்பூர் லாரி பெட்டிகள் இல்லாமலே புறப்பட்டுப் போயிருந்தது. அங்கிருந்து எழுத்தில் புகார் வந்தது. புகார் வந்தால் கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும், யாராவது ஒருவர் பெயர்.

மீட்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நான் செய்தது ஒன்று உண்டு. கவுண்டர் லாகினைப் பழைய ஷெல்லுக்கே திருப்பிவிட்டேன். ஒரே ஒரு வரிதான். தட்டி, வெளியேறி, மறுபடி நுழைந்தால் வண்ணங்கள் போய் மொட்டைத் திரை வந்துவிடும். இன்னொரு தடவை இப்படி நடக்கக்கூடாது என்றுதான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு பாஸின் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“திருப்பி மாத்திட்டீங்களா?” என்று கேட்டார்.

“மாத்திட்டேன் பாஸ்.”

“ஆ, நல்லது. அப்ப முடிஞ்சது.”

முடிஞ்சது என்று அவர் சொன்னதன் பொருள் அன்று மதியம்தான் எனக்கு உறைத்தது. மனிதவள அதிகாரியான மலாய்க்கார அம்மாளைக் கூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். மேலே மூன்று, என்டர். மேலே மூன்று, என்டர். மேலே மூன்று, என்டர். லேபல்கள் சமத்தாக வரிசையாக வந்து விழுந்தன. அந்த அம்மாளிடம் மலாயில் விளக்கிவிட்டு, அக்காவைப் பார்த்துத் தமிழில், “மெஷின் நல்லாத்தான் இருக்கு, பாருங்க,” என்றார். குரல் தேன்.

நான் திருப்பிப் போட்ட ஷெல்தான் அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அது எதையும் தப்பாகச் செய்யவில்லை. அதனால் தப்பு செய்தது அக்கா என்று ஆகிவிட்டது. திரைக்குப் பக்கத்தில் நான் ஒட்டிய தாளும் அங்கே இல்லை. பசையின் நாலு மூலை மட்டும் சுவரில் இருந்தது.

அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் என்னாத்த அமுக்குனேன்னு எனக்கே தெரியல மா,” என்றார். என்னிடம்தான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மனிதவள அம்மாள் நீட்டிய கடிதத்தை வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று அதில் இருந்தது.

அறைக்கு வந்ததும் பாஸிடம் குதித்தேன். என்னென்னமோ கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்களத்தான் காப்பாத்துறேன், புரியலையா? அவங்க பேக்கிங் வேலைக்கு எங்கயும் போலாம். உங்க பேருல ஒரு கடுதாசி வந்தா, ரெண்டு பேருக்கும்தான் கஷ்டம்.”

“அந்தத் தாளு?”

“நான்தான் எடுத்தேன். அது உங்க கையெழுத்து லா.”

அவரைப் பளாரென்று அறையவேண்டும் போல் இருந்தது. அறைந்திருந்தால்கூட அதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். நான் செய்தது என்னவென்றால், போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் கொதித்தேன். வீட்டில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். சிங்கப்பூர் போகும் காஸ்வே பாலத்து நெரிசலில் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பாஸின் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் ஏதோ செய்துகொண்டிருப்பது போலவே இருக்கும், அதுதான் அதிலுள்ள சௌகரியம். அந்த இரண்டு நாளும் அக்கா கவுண்டரில் ஒரு வார்த்தை பேசாமல், ஒவ்வொரு விசைக்கும் நின்று நின்று அமுக்கிக்கொண்டிருந்தார். கதவின் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. அக்கா விளக்கத்தை மகளைக் கொண்டு எழுதி எடுத்து வந்திருந்தார். மனிதவள அம்மாள் அதைச் சத்தமாகப் படித்தார். ‘என் தவற்றுக்கு மன்னிக்கவும். வயது காரணமாக ஞாபகம் பிசகியிருக்கலாம். கிளினிக்கில் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன்.’

வயது காரணமாக. அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, மடிக்கணினியை எல்லாரும் பார்க்கும்படி மேசை நடுவில் வைத்தேன். பாஸ் என் பெயரைச் சொல்லி மெதுவாக அழைத்தார், நான் திரும்பவில்லை. கவுண்டர் லாகினை மறுபடி புது ஷெல்லுக்கு மாற்றினேன். இரண்டு ஜன்னல்களைத் திறந்தேன். ஒன்றில் ‘தேதியைக் காட்டு’ என்று ஒரு வரி, அதற்குப் பின் சும்மா இரண்டு வரிகள். இன்னொரு ஜன்னலுக்குப் போய் வெறும் என்டர் ஒரு தடவை. பிறகு மேலே மூன்று. அங்கே நான் தட்டாத தேதி வரி வந்து நின்றது.

“தேதிக்குப் பதிலா அன்னைக்கு அழிக்கிற கட்டளை இருந்துச்சு. அதை எழுதுனது நான்,” என்றேன், முதலில் மலாயில், பிறகு அக்காவுக்காகத் தமிழில். “இந்த ஷெல்லப் போட்டதும் நான். செவ்வாக்கெழம யாரும் பாக்கறதுக்கு முன்னாடி எடுத்ததும் நான். அக்கா செஞ்சது அத்தனையும் சரி.”

பாஸுக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு இனித்தது, மறைப்பானேன். மனிதவள அம்மாள் அக்காவின் கடிதத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார். என் பெயருக்கு ஒன்று வந்தது, பாஸுக்கும் ஒன்று. எல்லாரும் பார்க்க, கவுண்டரைப் பழைய ஷெல்லுக்கு இன்னொரு முறை திருப்பினேன்.

அக்கா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையாகவே எதிர்பார்த்தேன். கேண்டீன் வாசலில் அவரைப் பிடித்து, “எல்லாம் சரியாயிருச்சு அக்கா,” என்றேன்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கேண்டீனே திரும்பிப் பார்த்தது. “மூணு நாளா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சிட்டு இருக்கேன். கைய நம்ப முடியல. என் மக என்னைய கேஸ் அடுப்புக்கிட்ட போகாதன்னு சொல்லிட்டா. தெரியுமா உனக்கு? என் வீட்டுல, என் அடுப்பு! நானும் சரின்னு விட்டுட்டேன். நீ தெரிஞ்சுக்கிட்டே கதவு வழியா பாத்துட்டு நின்ன.”

“அக்கா, நான் வந்து...”

“என்கிட்ட சொல்லாத. வந்து என் மககிட்ட சொல்லு.”

அன்று வேலை முடிந்து என் காரிலேயே போனோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஷெல், ஒரே நினைவு, மூன்றாவது வரி. வரவேற்பறையில் நின்றுகொண்டே, பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “புரியுதுங்க. ஆனா போன மாசம் சாவிய உள்ள வச்சிட்டு வெளிய நின்னாங்களே?”

“எல்லாரும்தான் சாவிய மறக்குறாங்க. நானே மறந்திருக்கேன்!” என் குரல் ஏறிவிட்டது.

“ஆமா, ஆமா,” என்று தலையாட்டினார். பாஸ் பேசும் அதே மெதுவான குரல்.

“இரு மா, தேத்தண்ணி கலக்குறேன்,” என்று அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். மகள் அவரை முந்திக்கொண்டு உள்ளே போனார். அடுப்பின் திருகு டக்கென்று திரும்பும் சத்தம் கேட்டது.

“நீங்க போய் உக்காருங்கம்மா. நான் கலக்குறேன்.”

அக்கா திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“இதையும் நல்லாப் பாத்துக்க,” என்றார்.