பாலை மரத்தில் மிஞ்சிய கொப்பு

சிவரூபனைப் புகழ்வதற்கு முன் என் மடத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் தம்பலகாமத்துக்காரர். எங்கள் பக்கத்து மலைக்காட்டில் பன்னிரண்டு வருடமாக வழிகாட்டி. உழவு இயந்திரத்திலிருந்து விழுந்ததில் ஒரு முழங்கால் சரியாக மடங்காது. ஆனாலும் அந்த மலையின் நானூறு படியும் ஏறுவார். காட்டுக்குள் போகிறவர்கள் மரத்தில் கொப்பு வைத்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வனக் காப்பகத்தில் இலை பறிக்கக் கூடாது என்பதால், தன் வீட்டுப் பூவரசிலிருந்து ஆளுக்கொரு கொப்பு வெட்டி வருவார். பாதை தொடங்கும் இடத்துப் பாலை மரக் கவட்டில் அவரவர் வைக்க வேண்டும். இறங்கியதும் அவரவரே எடுக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் ஓர் ஆள் இன்னும் மலையில் என்று அர்த்தம். அன்று எங்கள் அலுவலகத்திலிருந்து ஒன்பது பேர் அவரோடு போயிருந்தோம்.

"ஒன்பது பேரை எண்ணத் தெரியாதோ உமக்கு?" என்று கேட்டேன். பட்டணத்து ஓர்ஸ் ஹில் கந்தோர்க்காரனுக்கு வாய் சும்மா இருக்காது.

"எண்ணலாம் ஐயா. எண்ணினது பிழையாப் போகும்."

மேலே இடிந்த புத்த தாதுகோபமும் கல்தூண்களும் கிடந்தன. குகை முகப்பில் பழைய எழுத்து. "எனக்கு வாசிக்க ஏலாது. ஆனா வெட்டினவன்ர கை நடுங்கேல்லை, பாருங்கோ," என்று காட்டினார். படித்தவன் என்று திரிகிற எனக்கு அது தோன்றவே இல்லை.

இறங்கும்போது நான் முந்திவிட்டேன். கொப்பாவது மண்ணாவது என்று நேரே நாங்கள் வந்த வான் வண்டியில் ஏறி, பின் சீற்றில் படுத்துத் தூங்கிப்போனேன்.

எழும்பியபோது வெளியே ஒரே பதற்றம். கடைசியாக இறங்கிய சிவரூபன் மிஞ்சிய கொப்பைக் கண்டு, யாரையும் கேட்காமல் அப்படியே திரும்பி மலையேறிவிட்டாராம். யானைகள் குளத்துக்கு இறங்கும் நேரம். மேலே போன் வேலை செய்யாது.

"இங்கயா படுத்துக்கிடக்கீங்க?" என்று கூட வேலை செய்யும் நிப்லா கத்தினாள். "அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தா ஆரு பதில் சொல்ற?"

காட்டுக்குள் யானை பிளிறியது. மேலே ஓடப் பார்த்தேன். வாசல் காவலாளி விடவில்லை.

பொழுது மங்கும்போது அவர் காலை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கையெல்லாம் முள் கீறல். ஏசுவார் என்று நின்றேன்.

"நீங்களோ மிஞ்சினது? காயமில்லைத்தானே?" குரல் அடைத்திருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. தொண்டைக்கு என்ன நடந்தது?"

"ஆரெண்டு தெரியாதே. ஒன்பது பேரின்ர பேரையும் ஒண்டொண்டாக் கூப்பிட்டுக்கொண்டு போனனான்."

நான் அவருடைய பெயரை அதுவரை கேட்கவே இல்லை. அப்போதுதான் கேட்டேன்.