துர்ஸாஃப் போட்ட குலவை

கெஃப் ஊரில், ஆள் சேர்த்து ஊர்விட்டு ஊர் போகும் லுவாஜ் வேன் ஓட்டும் மப்ரூக்கின் மகள் துர்ஸாஃப், பள்ளி முடிக்கும் பக்கலோரியா பரீட்சையை மூன்றாம் முறையாக எழுதப்போகிறாள் என்பது தெருப் பூனைக்குக்கூடத் தெரியும். அதுதான் வினை. அவளுக்காக வீட்டில் டிவி அணைந்துவிடும். பக்கத்து வீட்டில் உரல் இடிக்க மாட்டார்கள். பந்தாடும் பயல்களை யாராவது விரட்டிவிடுவார்கள். சாவு வீட்டில்கூட நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், இங்கே அதுவும் இல்லை. அந்த அமைதியில் அவளுக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்கும். முதல் வருஷம் கணக்குத் தாளைப் பார்த்து உறைந்தே போனாள்.

இரண்டாம் வருஷம் அதைவிட மோசம். முடிவு போனில்தான் வரும். போன் ஒலித்ததும் உம்மா மன்னூபியா செய்தியைப் படிக்காமலே மாடியேறிக் குலவை போட்டுவிட்டாள். தெருவே பலகாரத் தட்டோடு வாசலில் வந்து நின்றது. செய்தியில் இருந்ததோ, தேறவில்லை என்று. தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் நின்ற நிற்பு துர்ஸாஃபுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

இந்தத் தடவையும் தேறாமல் போனால் பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள். வசந்தத்தில் ஒருநாள் காலை, புத்தகப் பையோடு தகப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்ல முடியல பாபா. ஸ்டாண்டுல உக்காந்து படிக்கிறேன்."

"அந்தக் கூச்சல்லயா? கிறுக்கா ஒனக்கு?"

"அங்க கத்துறவன் எவனும் எனக்காகக் கத்தலையே."

மப்ரூக் வண்டியை எடுத்தார்.

ஸ்டாண்டில் போகிற ஊரைச் சொல்லி 'துனிஸ், துனிஸ்' என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். அதுவரை பின்சீட்டில் இருப்பாள். கிளம்பும்போது இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்வாள். கணக்கு அங்கே ஓடியது. தெரிந்தவர் ஒருவர் மூட்டையோடு ஏறி, இன்னுமா அந்தப் பரீட்சையை விடவில்லை என்று குத்தினார்.

"எட்டாவது ஆளுக்குக் காத்திருக்கேன் மாமா. சேந்ததும் கெளம்பிருவேன்" என்றாள். வண்டியே சிரித்தது.

கணக்குப் பரீட்சை அன்று ஹாலில் அதே அமைதி. முதல் கேள்வியே நகரவில்லை. ஸ்டாண்டை நினைத்துக்கொண்டாள். துனிஸ் வண்டி நிறையவில்லை என்று ஜெந்தூபா வண்டி காத்து நிற்பதில்லை. நிறைந்த வண்டி முதலில் போகும். முதல் கேள்வியை அப்படியே நிற்கவிட்டு நான்காவதை எடுத்தாள். அது ஓடியது. பிறகு இரண்டாவது. மணி அடிக்கையில் முதல் கேள்வியிலும் பாதி தாண்டியிருந்தாள்.

முடிவு வரும் நாளில், நான் படித்துச் சொல்லும்வரை மூச்சு விடக்கூடாது என்று உம்மாவிடம் சொல்லிவைத்தாள். போன் ஒலித்தது. படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"பாஸ் உம்மா."

மன்னூபியா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. "குலவைய நீயே போடுடி."

துர்ஸாஃப் மாடியேறினாள். முதல் குலவை பெட்டைக்கோழி கத்தினாற்போல் உடைந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. ஆனால் போன வருஷம் சூடுபட்ட தெரு, ஒருத்தரும் வெளியே வரவில்லை. எதிர்வீட்டு ஹபீபா மட்டும் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"படிச்சுப் பாத்தியாடி?"

"ரெண்டு தரம் படிச்சேன் மாமி. நம்பலேன்னா நீங்க வந்து படிங்க."

ஹபீபா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். படித்தாள். அவள் போட்ட குலவையில் தெருக் கதவெல்லாம் திறந்துகொண்டது. போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று, எழுத்துத் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்தார்கள்.