லீட்ஸ் நகரத்தில் ஒரு பூச்சட்டி

இந்த நாட்டில் சோறு பொங்க மட்டுமல்ல, சும்மா உட்காருவதற்கும் நெருப்பு வேண்டும். கூடத்துச் சுவரில் கணப்பு என்று ஒரு பொந்து வைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் நேற்றைய சாம்பலை அள்ளிக் கொட்டி, காகிதத்தைக் கசக்கி வைத்து, சுள்ளி அடுக்கி, மேலே நிலக்கரியைப் பரப்பித் தீ மூட்ட வேண்டும். நம் ஊரில் வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்துகிற பங்குனியில், இங்கே நான் முக்காடு போட்டுக்கொண்டு அந்தப் பொந்துக்கு முன்னால் கை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். லீட்ஸ் என்கிற இந்த ஊருக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகியும், வீட்டுக்குள் நெருப்பு வளர்ப்பது எனக்கு இன்னும் விநோதமாகத்தான் இருக்கிறது.

நாரணாபுரத்துப் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் இதை வாசித்தால், "யாரு, அவளா தீ மூட்டுறா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரின் குடும்பத்துக்குக் கரிசல் நிலம் உண்டு. மழை ஏமாற்றி, பருத்தியும் ஏமாற்றிய பிறகு அவர் சிவகாசி அச்சாபீசில் மிஷின் ஓட்டப் போனார், நான் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். எனக்குப் பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், போடுகிற வேலை. சின்ன மண்குடுவையில் மருந்தைக் கெட்டித்து வாயை மூட வேண்டும். தீபாவளிக்கு அது பூப்பூவாகச் சொரிந்து சிரிக்கும். விபத்து நடந்த அன்றைக்கு எங்கள் கையில் அது சிரிக்கவில்லை. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது, லோடு ஏற வேண்டும் என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டிருந்தார். எங்கே உரசியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளிச்சம் ஒன்றுதான் நினைவிருக்கிறது. மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பில் எனக்குப் பங்கு கொடுத்த செல்லம்மா வீடு திரும்பவில்லை. நான் திரும்பினேன், இரண்டு கையும் கழுத்தும் வெந்து.

கை ஆறியது. விரல் முழுதாக நிமிராவிட்டாலும் பிடிக்கவும் தூக்கவும் வந்தது. ஆனால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் உடம்பு உதறும். அடுப்படிப் பக்கமே போக மாட்டேன். என் மாமியார்தான் பொங்கிப் போட்டார். இதற்கிடையில் எங்கள் வீட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் அச்சு வேலை கிடைத்து, கப்பல் ஏறினார். போன வேகத்தில் என்னையும் வரச் சொன்னார். வீட்டுக்கு வீடு நெருப்பு மூட்டித்தான் குளிரைத் தாங்குகிறார்கள் என்று வெள்ளந்தியாகச் சொல்லியும் அனுப்பினார். போனால் நெருப்பு, போகாவிட்டால் அவர் அங்கே நான் இங்கே என்று ஆயுசுக்கும் வாழவேண்டியதுதான். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்ததே கொஞ்ச காலம்.

அப்போதுதான் மாமியார் மெல்ல வாயைத் திறந்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே விருதுநகர் மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாராம். மருமகள் கை ஆறிவிட்டால் பங்குனிப் பொங்கலுக்குப் பூச்சட்டி எடுப்பாள் என்று. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எரிகிற கங்கு நிறைந்த மண்சட்டியைக் கையில் ஏந்தி நடந்து போகிற நேர்ச்சை அது. ஊரெல்லாம் அக்கினிச்சட்டி என்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது, பூச்சட்டிதான். அம்மன் முன்னால் போய்விட்டால் தீயும் பூதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நேந்தது நீங்க, கை என்னோடதா அத்தை?" என்று கத்தினேன். தீயிலேயே வெந்தவளைத் தீயைத் தூக்கச் சொல்கிற சாமி என்ன சாமி என்று கேட்டேன். மாமியாரும் லேசுப்பட்டவரில்லை. மூன்று வேளையும் எனக்குப் பொங்கிப் போட்டபடியே என்னோடு பேசாமல் இருந்தார்.

பங்குனிப் பொங்கல் இன்ன நாள் என்று ஊருக்கு அறிவித்துக் கோயில் சாட்டினார்கள். சாட்டிவிட்டால் எங்கள் பக்கம் யாரும் ஊரைவிட்டு வெளியே தங்க மாட்டார்கள். போன இடத்திலிருந்தெல்லாம் சனம் திரும்பி வந்தது. நான் எங்கே போவது? செல்லம்மாவை ஏன் எடுத்துக்கொண்டாய், என்னை ஏன் அரைகுறையாக விட்டாய் என்று அந்த ஆத்தாளிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்றுதான் காப்புக் கட்டிக்கொண்டேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டை போடத்தான் போனேன்.

மஞ்சள் சேலை, கையில் கொத்து வேப்பிலை. சட்டியை என்னிடம் நீட்டியபோது கால் பின்னுக்குப் போனது. மாமியார் அன்றுதான் வாயைத் திறந்தார்.

"ஏத்தா, சுட்டுச்சுன்னா கீள போட்டுட்டு வா. ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா. நான் பேசிக்கிடுதேன்."

வாங்கிக்கொண்டேன். முகத்தில் அனல் அடித்தது. 'ஆகோ அய்யாகோ' என்று அம்மனைக் கூவித் தெரு முழுக்கச் சத்தம். வழிநெடுக வீட்டுப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, சட்டி எடுப்பவள் காலை நனைத்தால் புண்ணியம் என்று என் காலில் ஊற்றினார்கள். யார் பெற்ற பிள்ளையோ, என்ன குலமோ, ஒருத்தியும் கேட்கவில்லை. நான் கேட்க வந்ததையெல்லாம் கேட்டேன். திட்டினேன், அழுதேன், செல்லம்மா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். ஆத்தா பதில் சொல்லவில்லை. ஆனால் அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். கோயில் வாசலில் சட்டியை இறக்கியபோதுதான், இவ்வளவு நேரமும் நெருப்பை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து அடுப்பை நானே பற்றவைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டேன். மாமியார் குடித்துவிட்டு, இனிப்புக் கம்மி என்றார். அன்று எனக்கு இருந்த கெத்துக்கு லண்டன் ராணிகூடப் பக்கத்தில் நிற்க முடியாது.

அப்படித்தான் கப்பலேறினேன். இங்கே ஐப்பசி வாக்கில் ஒருநாள், எப்போதோ ராஜாவைக் கொல்லப் பார்த்தவன் என்று ஒரு வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி வெடி வெடிக்கிறார்கள். அன்று பக்கத்து வீட்டு மிஸஸ் ஹிக்ஸ் என் கைத் தழும்பைப் பார்த்து, எப்படி ஆயிற்று என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பூச்சட்டியை மொழிபெயர்த்து, "ஃபிளவர் பாட்" என்றேன். பாவம், முழித்தாள். இவ்வளவு பட்டும் நெருப்புக்குப் பயமில்லையா, எப்படித் தேறினாய் என்று அடுத்துக் கேட்டாள். அதற்கும், "ஃபிளவர் பாட்" என்றேன். உண்மை அதுதானே. மறுநாள் அவள் வாசலில் வந்து நின்றாள், கையில் ஒரு மண்தொட்டி, அதில் ஜெரேனியம் என்கிற சிவப்புப் பூச்செடி. இது ஒன்றும் செய்யாது, பயப்படாமல் வைத்துக்கொள் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சிரித்தார்.

அந்தச் செடி தை மாதத்து உறைபனியில் கருகிவிட்டது. தொட்டி மட்டும் கொல்லையில் கிடந்தது. பங்குனி பிறந்தது. ஊரில் சாட்டியிருப்பார்கள், ஊர்ச்சனமெல்லாம் ஊர் சேர்ந்திருக்கும். நான் மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம். மனசு ஒரு நிலையில் இல்லை. பொங்கலன்று காலை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அந்தத் தொட்டியைக் கழுவினேன். இந்த ஊர்ச் சட்டிக்கெல்லாம் அடியில் ஓட்டை. களிமண்ணை அப்பி அடைத்து, சாம்பல் பரப்பி, கணப்பிலிருந்து கங்குகளை அள்ளிப் போட்டேன். வேப்பிலைக்கு எங்கே போவது? மதில்மேல் படர்ந்திருந்த கொடியைக் கொத்தாகப் பறித்து நனைத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"பாக்கிறவுக என்ன நெனப்பாக?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"பூச்சட்டின்னு நெனப்பாக" என்றேன்.

கொல்லையில் ஒரு சுற்று வந்திருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மிஸஸ் ஹிக்ஸ் அலறினாள். வீட்டில் தீப்பிடித்து, நெருப்பை நான் வெளியே அள்ளி வருகிறேன் என்று நினைத்திருக்கிறாள். வாளித் தண்ணீரோடு ஓடி வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழப்பத்தில் வாளி சரிந்து, தண்ணீர் முழுக்க என் காலில் கொட்டியது.

ஆத்தாளே வந்து ஊற்றியதுபோல எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள் என்று அவள் பதறினாள். அவள் செய்தது என்ன புண்ணியம் என்று எந்த இங்கிலீஷில் சொல்வேன்? "மோர்" என்றேன். "மோர் வாட்டர், தாயீ." ஏதோ புரிந்ததோ, புரியவில்லையோ, அடுத்த வாளிக்கு உள்ளே ஓடினாள். கைகள் விருதுநகர்த் தெருவில் அனலோடு இருந்தன. கால்கள் லீட்ஸ் சேற்றில் விறைத்துக்கொண்டிருந்தன. அவள் வரும்வரை சட்டியை இறக்காமல் அப்படியே நின்றேன்.