சிவப்பு மணி வைத்த செருப்பு

ஏலவார்குழலி ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்தே அப்படித்தான். வல்லம் வடகாலில், கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கம் நன்றாக முற்றிப்போனது. லைனில் எல்லோருக்கும் ஒரே கறுப்பு சேஃப்டி ஷூதான். அவள் கண்ணுக்கு மட்டும் ஒன்று போல ஒன்று இருக்காது. குதிகாலை மிதித்துத் தேய்த்திருந்தால் பூர்ணிமா. நாடாவைக் கணுக்காலில் சுற்றிக் கட்டியிருந்தால் லீலா. முனையில் பாலிஷ் மின்னினால் சூப்பர்வைசர் மோகன்ராஜ். உடனே தலை இன்னும் கொஞ்சம் குனியும். யார் யாரோடு பேசுவதில்லை என்பதைக்கூட ஷூக்கள் திரும்பியிருக்கும் திசையை வைத்துச் சொல்லிவிடுவாள். வாயைத் திறந்தால்தானே சொல்வதற்கு.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் பெண்கள் எல்லாம் வேன் பிடித்து மதுராந்தகம் ஏரியைப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவானது. மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பிக் கிடப்பதாகக் கேள்வி. சாப்பாடு பற்றிப் பேச்சு வந்தபோது ஏலவார்குழலி வழக்கம்போல எதற்கோ தலையாட்டினாள். மொத்தப் பேருக்கும் புளிசாதம் அவள் பொறுப்பானது. வேறு யாரும் எதுவும் எடுத்து வரமாட்டார்கள், சோறு பத்திரம் என்று பூர்ணிமா இரண்டு தடவை சொன்னாள். புதிதாகச் சிவப்பு மணி வைத்த செருப்பு வாங்கியிருப்பதை நாலு தடவை சொன்னாள்.

அன்று காலை ஒரகடம் கூட்ரோட்டில் வெள்ளை வேன்கள் வரிசையாக நின்றன. குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குனிந்தபடி வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது: இன்றைக்கு யார் காலிலும் ஷூ இல்லை. எங்கே பார்த்தாலும் கொலுசும் புதுச் செருப்பும். ஒன்றுகூடத் தெரிந்த கால் இல்லை. நிமிர்ந்து முகங்களைப் பார்த்திருக்கலாம். அந்த யோசனை அவளுக்கு வரவில்லை. ஒரு சிவப்பு மணிச் செருப்பு வேனில் ஏறியது. பின்னாலேயே ஏறினாள். "சோறு வந்துட்டு, வண்டிய எடுங்கண்ணே" என்றது ஒரு குரல். வேன் கிளம்பியது.

பூர்ணிமாவாக இருந்தால் 'வந்துடுச்சு' என்றிருப்பாள். ஏலவார்குழலி மெல்லத் தலையைத் தூக்கினாள். வேன் முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். வேறொரு கம்பெனி, ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். அவர்களும் மதுராந்தகம்தான் போகிறார்கள். மெஸ்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தோடு ஓர் ஆள் வரவேண்டியிருந்திருக்கிறது, வந்தவள் இவள்.

"மெஸ்ஸுல புதுசா சேர்ந்திருக்கியளாக்கா?" என்று கேட்டாள் செருப்புக்காரி. பெயர் வேல்விழி.

ஏலவார்குழலி தலையாட்டினாள்.

போன் அடித்தது. பூர்ணிமா.

"எங்கடி கீற?"

"வேன்லதான்."

"எந்த வேன்ல? நாங்க எல்லாரும் இங்க ஒக்காந்துகினு கீறோம்."

"செருப்பு உன்னுது மாதிரிதான் இருந்துச்சு. கால்தான் வேற" என்று கிசுகிசுத்தாள்.

மறுமுனையில் பூர்ணிமா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, வண்டியை நிறுத்தச் சொல் என்றும், அதற்கும் வாய் வராவிட்டால் சோற்றையாவது திறக்க விடாதே என்றும் உத்தரவு வந்தது.

சிங்கப்பெருமாள் கோயில் வந்ததும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள். பிறகு செங்கல்பட்டு வந்ததும். பாலாற்றுப் பாலத்தில் ஒருவழியாக வாயைத் திறந்தாள். "ஜன்னல சாத்தட்டுமா?" என்றுதான் வந்தது. வேல்விழி எழுந்து சாத்திக் கொடுத்தாள்.

ஏரிக்கரையில் இறங்கிக் குனிந்தே நடந்தாள். கரை முடிந்து தண்ணீர் தொடங்கியது. தண்ணீருக்குக் கால் கிடையாது, நிமிர்ந்துதான் ஆகவேண்டியிருந்தது. எதிர்க்கரை எங்கோ ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவரைக்கும் வெயிலில் மினுங்கும் தண்ணீர். நட்டுவைத்த கம்பில் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து பார்த்தபடி நின்றவளுக்குப் பின்னால் குண்டான் மூடி சத்தம் கேட்டது.

ஓடிப்போய் இரண்டு கையாலும் மூடியை அமுக்கினாள்.

"இது எங்க லைன் சோறு. நான் மெஸ் இல்ல. செருப்பப் பாத்து ஏறிட்டேன்."

மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரலில் வந்துவிட்டது. நீர்க்காகம் பறந்தே போய்விட்டது. பெண்கள் எல்லோரும் ஒருமுறை தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எக்கா, இத ஒரகடத்துலயே சொல்லியிருந்தா எங்க சோத்தையும் ஏத்தியிருப்போம்லா?" என்றாள் வேல்விழி. பிறகு அவளே முதலில் சிரித்தாள்.

பின்னாலேயே வந்து நின்றது பூர்ணிமாவின் வேன். கூட்ரோட்டில் எலுமிச்சை சாதத்தோடு கத்திக்கொண்டு நின்ற மெஸ் கங்கம்மாளை அவள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சினு இருந்த?" என்று ஏலவார்குழலியைக் கேட்டுக்கொண்டே இறங்கினாள் கங்கம்மாள். இரண்டு கூட்டமும் கரை மேல் ஒன்றாக உட்கார்ந்து இரண்டு சோற்றையும் பகிர்ந்து சாப்பிட்டது. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய புளிசாதத்தில் உப்பே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏலவார்குழலி இப்போதும் காலைத்தான் பார்க்கிறாள். வேனில் ஏறும்போது மட்டும் ஒரு முகத்தையாவது பார்த்துவிட்டு ஏறுகிறாள். கூட்ரோட்டில் வேல்விழி எதிர்ப்பட்டால் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசுகிறாள். அடுத்த தடவை ஏரிக்குச் சோறு லீலா பொறுப்பு.