ஒரே காரணம் எழுத மறுத்தவர்

காலையில் மெட்ரோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பிணவறை உதவியாளர் ராம்கிஷன் அழைத்தார். "மேடம், டாக்டர் சாஹிபா நஹீ ரஹீ" என்றார். எங்கள் டாக்டர் செண்பகவல்லி போய்விட்டார். அழுகை வருவதற்கு முன்பே, "என்ன காரணம்?" என்று கேட்டுவிட்டேன். மாரடைப்பு, தூக்கத்திலேயே. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அந்தக் கேள்விதான் வரும்.

தலைநகரில் இந்த இதழைப் படிக்கும் லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர்களில் பலர், பொங்கலுக்குக் கோலப் போட்டி நடுவராக வந்து எல்லோருக்கும் முதல் பரிசு கொடுத்துவிட்டுப் போகிறவராகவே அவரை அறிந்திருப்பீர்கள். என்ன வேலை என்று கேட்டால் "ஆஸ்பத்திரியில" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் தடயவியல் மருத்துவர். தற்கொலைகள் எந்தப் பகுதியில், எங்கிருந்து வந்து குடியேறியவர்களிடையே கூடுகின்றன, குறைகின்றன என்று ஆராயும் குழுவை நடத்தினார். அதில் நான் புள்ளிவிவரம் பார்ப்பவள். அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஆங்கிலமும் இந்தியும் தடையின்றிப் பேசுவார். என்னைக் கண்டால் மட்டும் பேச்சு கரிசல் மண்ணுக்குப் போய்விடும். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு கூட்டத்தில், திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. "உங்கள் தெற்கில்தான் எண்ணிக்கை அதிகம். படித்தவர்கள் ஆயிற்றே, என்ன ஆயிற்று?" என்று ஒருவர் இந்தியில் சீண்டினார். அக்கா சிரித்தபடியே, "எங்கள் ஊரில் தற்கொலை என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள், பாய் சாஹிப். எழுதாத ஊரில் யாரும் சாகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "அவரு கேட்டதுலயும் பாதி சரிதான். நாளையில இருந்து எங்க கூடுதுன்னும் எங்க எழுதலைன்னும் ரெண்டையும் பாப்போம்" என்றார். வாதத்தில் ஜெயித்த பிறகும் எதிராளியின் கேள்வியைத் தூக்கிப்போடாதவர்.

காவல்துறைத் தாள்களில் 'குடும்பத் தகராறு' என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தால் அவருக்குக் கோபம் வரும். "உடம்பு கடைசிப் பக்கத்தைத்தான் காட்டும், ஏட்டி. மத்த பக்கமெல்லாம் வீட்டுல கெடக்கு" என்பார். அதனால்தான் நாங்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம்.

இங்கே துவாரகா பகுதியில் ஒரு தமிழர் வீடு. விமான நிலையத்தில் வேலை பார்த்த மகன் இறந்திருந்தான். அன்று காலை அவன் அம்மா சரோஜா அவனைத் திட்டியிருந்தார். தாளில் அதுவே காரணமாகியிருந்தது. உறவினர்களும் அதையே சொன்னார்கள். சரோஜா அம்மா எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் திட்டினதாலதானா, டாக்டர்?"

இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அக்கா, "எனக்கு இன்னும் தெரியாதும்மா. விசாரிச்சுட்டுச் சொல்லுதேன்" என்றார். எழுந்தபோது "வாரேன்" என்றும் சொல்லிவிட்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதுதானே நம் வழக்கம்? அந்த அம்மாவின் மச்சினர் பதறி, "என்னங்க மேடம், இங்க போயி அப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"வாய் தவறலைங்க. மெய்யாவே வரத்தான் போறேன்."

படி இறங்கும்போது கல்லூரியில் படிக்கும் மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். "ஆன்ட்டி, அம்மா என்னைத் திட்டவே மாட்டேங்கறாங்க. காலேஜ் போகலேன்னாக்கூட ஒண்ணும் சொல்றதில்ல. என்னைப் பாத்தாலே பயப்படறாங்க. எனக்கும் பயமா இருக்கு."

அதன்பின் அந்த வீட்டு அனுமதியோடு அக்கா மகனின் நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போனார். மாதக்கணக்கில் அவனுக்குத் தூக்கமில்லை. வேலைக்குப் போவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்திருக்கிறான். நண்பன் வற்புறுத்தி ஒருமுறை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறான், மறுமுறை போகவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னபடியே திரும்பிப் போய், ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சரோஜா அம்மா வெகுநேரம் அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இது ஒரு நாள் காலையில வர்றதில்லம்மா. புள்ள ரொம்ப நாளா நோயோட இருந்திருக்கான். அம்மா திட்டுததுதான் காரணம்னா தமிழ்நாட்டுல ஒரு புள்ள மிஞ்சுமா?" என்றார். அழுகைக்கு நடுவே அந்த அம்மாவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

எங்கள் ஆய்வில் அந்த மரணத்துக்கு நேரே ஒரே காரணம் எழுதப்படவில்லை. பிறகு எந்த மரணத்துக்கும் அப்படி எழுதவில்லை. பகுதிக்குப் பகுதி உள்ள வேறுபாடுகளும் அதன்பின்தான் எங்களுக்குப் புரியத் தொடங்கின.

சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை போனோம். லிஃப்டிலிருந்து இறங்கும்போதே சரோஜா அம்மாவின் குரல் கேட்டது.

"ஜல்தி கெளம்புடி! டிபனை வாயில வெச்சியா? ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? எருமை மாடு!"

"கத்தாதம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கேக்கும்!"

"கேக்கட்டும்! அவங்களாவது வந்து கேக்கட்டும்!"

அழைப்புமணிக்கு நீட்டிய கையை அக்கா மடக்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது; முகமெல்லாம் சிரிப்பு. "வா, போவோம். வீடு நல்லாருக்கு" என்றார். இருவரும் சத்தமில்லாமல் கீழே வந்து, வாசல் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வீடுகளுக்குப் போகும் வேலை இனி என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கணத்தைத்தான். மறுபடி போகும் எந்த வீட்டுக் கதவின் முன்னாலும் மணியை அழுத்தாமல் சற்று நின்று கேட்பேன். உள்ளே யாராவது யாரையாவது பயமில்லாமல் திட்டிக்கொண்டிருந்தால், நிம்மதியாகத் திரும்பி வந்துவிடுவேன்.