ராகிக் குழிக்குள் வெயில்

ஆறு வயதுக் குழந்தைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு: நாம் சொன்னதை அவர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை, வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துவிடுகிறார்கள். அதன் பலன் மறுநாள் காலையில் பெற்றோர் வடிவில் வாசலில் வந்து நிற்கும். சின்ன வகுப்பு எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் அனுதாபத்தோடு படிக்கவும்.

நான் வேலை பார்த்தது ஓசூருக்குப் பக்கத்தில், சானமாவு காட்டை ஒட்டிய ஒரு கிராமத்துப் போர்டு பள்ளிக்கூடத்தில். அப்போது அதெல்லாம் சேலம் ஜில்லா. தலைமையாசிரியர் துரைசாமி சாரும் நானும் இரண்டே பேர். பள்ளிக்கூடம் என்பது, ஊரில் பெரிய விவசாயியான வெங்கட்டப்பா இரவல் கொடுத்திருந்த ஓட்டுக் கொட்டகை. அந்தப் பக்கத்தில் ராகியை நிலத்துக்கு அடியில், பானை மாதிரி வாய் குறுகி வயிறு பெருத்த குழிகளில் கொட்டி மூடிவைப்பார்கள். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் வெங்கட்டப்பாவின் குழிக்குள் தண்ணீர் இறங்கி, ராகி கறுத்துப்போய்விட்டது. குழியைப் புதிதாகப் பூசிய பிறகும் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. இந்த அறுவடைக்கு ராகியைக் கொட்டகையில்தான் போடப்போகிறேன், காலி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஊரில் வேறு கட்டடம் கிடையாது. அடுத்த பள்ளிக்கூடம் காட்டுக்கு அந்தப் பக்கம். யானை நடமாடும் பாதையில் எந்தத் தாயும் ஆறு வயதுப் பிள்ளையை அனுப்ப மாட்டாள். கொட்டகை போனால் பள்ளிக்கூடமும் போயிற்று. இங்கே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் நடந்தவை.

மாடு என்ன செய்கிறது?

விசை என்றால் தள்ளுவது அல்லது இழுப்பது. கதவைத் தள்ளினோம். கிணற்று வாளியை இழுத்தோம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் ‘தள்ளு’, இன்னொரு பக்கம் ‘இழு’ என்று எழுதி, குழந்தைகள் சொல்லச் சொல்லப் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வண்டி மாடு வந்தது. நான் யோசிக்காமல் ‘இழு’ பக்கம் எழுதினேன். லட்சுமக்கா எழுந்து நின்றாள். அந்தப் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். அதனால் முன்பல் விழுந்த அந்தச் சிறுமியை நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“மாடு தள்ளுதுங்க டீச்சர்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் அசையவில்லை. “நொகத்தடி திமிலுக்கு முன்னாடி கெடக்குது. மாடு திமிலால அதைத் தள்ளிக்கினே போவுது. அதனாலதான் திமிலுக்கு முன்னாடி காய்ச்சிப் போவுது. வண்டிதான் பின்னாடி இழுபட்டுக்கினு வருது.” எல்லோருமாக வெளியே போய், வழியில் வந்த ஒரு வண்டியை நிறுத்திப் பார்த்தோம். அவள் சொன்ன இடத்தில்தான் தோல் காய்த்துத் தடித்திருந்தது. திரும்பி வந்து, மாட்டை அழித்துவிட்டு ‘தள்ளு’ பக்கம் எழுதினேன். தோற்றுப்போனதில் எனக்கு அத்தனை சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. துரைசாமி சார் பலகையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இத்தனை வருஷமா ‘மாடு வண்டியை இழுக்கிறது’ன்னு எழுதப் போட்டிருக்கேன் டீச்சர். அந்தப் பசங்களையெல்லாம் இப்ப எங்கே போய்த் தேடித் திருத்துவேன்?”

தூசியில் ஒரு தூண்டில்

கிருஷ்ணகிரி சாலையில் லாரி பழுது பார்க்கும் ஒருவர், உடைந்த எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய லாட வடிவக் காந்தத்தை எனக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், மிச்சம் தமிழ். நான் சொல்வது ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு மொழி மாறிப் போகும்; போகும்போதே அதன்மேல் தகராறும் நடக்கும். காந்தம் வந்த அன்று தகராறு இல்லை. ஆணியில் ஒட்டியது, செம்பில் ஒட்டவில்லை. மூன்று மொழிக்காரர்களும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அவர்களே பாடத்தை வெளியே எடுத்துப் போனார்கள். சந்தைக்குப் போகிற மாடுகளுக்கு லாடம் அடிக்கிற இடம் புளியமரத்தடியில் இருந்தது. அங்கே சிந்தும் ஆணிகள் புழுதியில் புதைந்து, பிறகு மாட்டின் குளம்பிலோ மனிதர்களின் காலிலோ ஏறும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி, அந்தப் புழுதியில் இழுத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். வளைந்த ஆணி, முறிந்த ஆணி, லாடத் துண்டு என்று ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சேர்ந்தது. லாடம் அடிப்பவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கையில் பிரம்பு இல்லாமல், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் அந்த வரிசையில் குனிந்திருந்த நேரத்தில்தான் வெங்கட்டப்பா வந்து சேர்ந்தார். “படிக்க அனுப்பினா தூசியில மீன் புடிக்கிறாங்க. இதுக்கா என் கொட்டாயி?” என்றார்.

மாதேசனின் சட்டை

வெப்பம் பட்டால் பொருள் விரியும் என்பதை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக, அந்த வாரம் தச்சு வேலை செய்கிற இடத்தில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டார்கள். பட்டை, சக்கரத்தைவிடச் சிறியது. அதைக் குழந்தைகள் கயிறு வைத்து அளந்தே பார்த்தார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவந்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தார்கள். சிறியது பெரியதன் மேல் சுலபமாக இறங்கியது. தண்ணீர் ஊற்றியதும் சக்கரம் முனகிக்கொண்டு இறுகியது. இதைவிட நல்ல பாடம் நான் எடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

காலையில், என் வகுப்புப் பையன் மாதேசனின் அம்மா வாசலில் நின்றாள். வெங்கட்டப்பாவின் நிலத்தில் கூலி வேலைக்குப் போகிறவள். மாதேசனுக்கு இருந்தது ஒரே சட்டை. அது தோளில் பிடித்து, முழங்கைக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. பையன் ராத்திரி அதை அடுப்போரம் விரித்துவைத்து, விரியட்டும் என்று காத்திருக்கிறான். அவள் கோபமாகத்தான் வந்திருந்தாள். ஆனால் சட்டையை என் முன்னால் உதறி, அதன் வழியாக என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சட்டை பெருசாவலீங்க டீச்சரம்மா. ஓட்டைதான் பெருசாயிக்கினே போச்சு.”

கைமாறிய வெயில்

ஒளிக்குக் கண்ணாடி வேண்டும். துரைசாமி சார் முகம் மழிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்தார். சந்தையில் வாங்கிய சின்னக் கண்ணாடிகள் இரண்டு என்னிடம் இருந்தன. வாசல் வெயிலை ஒருவர் பிடித்து இன்னொருவரின் கண்ணாடிக்கு அனுப்ப வேண்டும், அவர் மூன்றாமவருக்கு அனுப்ப வேண்டும். இருட்டு மூலையில் தொங்கிய படத்தின் மேல் வெயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் போட்டி. முதலில் கூரையிலும் என் காலிலும் தலைமையாசிரியரின் வழுக்கையிலும் விழுந்தது. மத்தியானத்துக்குள் தவறாமல் சேர்த்தார்கள்.

அப்போது வெங்கட்டப்பா, எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கொட்டகையை அளக்கக் கயிற்றோடு உள்ளே வந்தார். மூலைக்குப் போக வேண்டிய வெயில் அவர் கண்ணில் விழுந்தது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, சுவரோரமாக அளந்து முடித்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “ராகி அடிச்ச அன்னிக்கே காலி பண்ணிடுங்க டீச்சரம்மா. வெயில்ல வெளையாடறதுக்கு வெளியிலயே எடம் நெறைய கெடக்குது.”

ஈரமா, நிழலா?

மார்கழியில் ஒரு காலை நான் போனபோது, ஆட்கள் பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்பலகை சுவரில் சாய்ந்திருந்தது. குழந்தைகள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். களத்தில் ராகி குவிந்து கிடந்தது. கிழக்கே நல்ல வெயில். வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. துரைசாமி சார், குழி நன்றாக இருந்தால் கொட்டகை எதற்கு என்று வெங்கட்டப்பாவைக் கேட்டார். “நல்லா இருக்குதுன்னு யாரு சார் பாத்தாங்க?” என்று அவர் எங்களைக் குழிக்கே கூட்டிப்போனார். மூடியிருந்த கல்லை நகர்த்தி, விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி தூரம் போவதற்குள் விளக்கு அணைந்தது. மூடிக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று நிற்கும். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது என்பது அங்கே யாரும் மீறாத வழக்கம். ஒரு நாள் திறந்து போட்டால் சரியாகிவிடும். வானம் ஒரு நாள் தருவதாக இல்லை. “பாத்துக்கினீங்களா? போன வருசம் மாதிரி நான் ஏமாற மாட்டேன்” என்று அவர் களத்துப் பக்கம் திரும்பினார்.

“வெயிலை எறக்கலாங்க டீச்சர். அது அணையாது” என்றான் மாதேசன். தைத்து ஒட்டுப்போட்ட சட்டையோடு நின்றிருந்தான். வெங்கட்டப்பா நின்றார். குழந்தைகள் ஓடிப்போய்க் கண்ணாடிகளை எடுத்துவந்தார்கள். அவர்களைக் குழி வாயிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு, சவரக் கண்ணாடியை நான் குழிக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். வெயில் நேரே கீழே இறங்கியது. அடியில் மிச்சமிருந்த பழைய ராகி சிவப்பாகத் தெரிந்தது. சுவர் தெரியவில்லை. “அடியில ஒரு கண்ணாடி வேணும்!” என்று கத்தினார்கள், ஒருவர் இல்லை, வகுப்பே கத்தியது. சந்தைக் கண்ணாடியை ஒரு கூடையில் சாய்வாக வைத்துக் கட்டிக் கீழே விட்டோம். நான் அனுப்பிய வெயில் அதில் பட்டுச் சுவருக்குத் தாவியது. துரைசாமி சார் கயிற்றை மெல்லத் திருக, வெளிச்சம் சுவரைச் சுற்றிவரத் தொடங்கியது. வெங்கட்டப்பா குப்புறப் படுத்து, தலையை நீட்டிப் பார்த்தார். செம்மண் பூச்சு காய்ந்து, வெடிப்பில்லாமல் இருந்தது. கண்ணாடி கொஞ்சம் அசைந்தாலும் குழிக்குள் வெயிலும் அசைந்தது.

“நிறுத்துங்க!” என்றார் வெங்கட்டப்பா. ஒரு பக்கம் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. “ஈரம்” என்றார். எழுந்திருக்கவும் போனார். லட்சுமக்கா தூரத்திலிருந்தே அவரைக் கேட்டாள்: “பெரியப்பா, கூடையைத் திருப்பினா அதுவும் கூட வருதா, அங்கயே நிக்குதா?” துரைசாமி சார் கயிற்றைத் திருகினார். கறுப்பு நகர்ந்தது. மறுபடி திருகினார். மறுபடி நகர்ந்தது. “அப்போ அது கயித்து நெழலு. ஈரம் எங்கயும் போவாது, அங்கயே நிக்கும்” என்றாள் அவள். வெங்கட்டப்பா தானே கயிற்றை வாங்கி ஒரு முழுச் சுற்றுத் திருகிப் பார்த்தார். எங்கேயும் நிற்கிற கறுப்பு இல்லை. அவர் எழுந்து மார்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பெஞ்சோடு நின்ற ஆட்களைப் பார்த்தார், வடக்கே பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “பசங்களை உள்ள கூப்புட்டுக்குங்க டீச்சரம்மா, மழை வருது. ராகிக்குத்தான் குழி இருக்குதே.”

ஒளி நேர்கோட்டில் போகும் என்றுதான் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் அது இரண்டு இடத்தில் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால், அந்த வரியைப் படிக்க ஒரு வகுப்பே மிஞ்சியிருக்காது.